சிறிய விமானத்தில் டேப்லெட் செயலிகள்: டெக்சாஸ் வானில் நான் கற்றுக்கொண்டவை

டெக்சாஸின் வடபகுதியில் உள்ள டென்டன் விமான நிலையத்திலிருந்து, வார இறுதிகளில் வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 விமானத்தை ஓட்டி வருகிறேன். என் தொழில் கணினித் துறை; பறப்பது ஆசைக்காக. அக்கம்பக்கத்து விமானங்களையும் மழைமேகங்களையும் திரையில் காட்டும் மலிவான டேப்லெட் செயலிகளோடு நான் பறக்கத் தொடங்கியபோது, அவற்றை எப்படி வாங்குவது, எப்படி இணைப்பது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருந்தார்கள். அவை எந்த நேரத்தில், எந்த விதத்தில் கைவிடும் என்று எச்சரிக்கத்தான் ஆள் இல்லை. வசந்தகாலத்தின் கடைசியில் ஒரு பிற்பகல், வேக்கோ நகரத்துக்குத் தெற்கே, துணைக்கு யாரும் இல்லாமல் அதைத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. இங்கே விமானம் ஓட்டப் பழகும் தமிழ் நண்பர்கள் சிலர் இதே கருவிகளைப் பற்றி என்னிடம் விசாரிப்பதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில், டேப்லெட் ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பரப்பிலும், பொதுவாக 10,000 அடிக்கு மேலும் பறக்கும் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாமாகவே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது சட்டம். டல்லாஸ் ஃபோர்ட் வொர்த் நிலையத்தைச் சுற்றிய 30 கடல் மைல் வட்டத்துக்குள் டென்டன் இருப்பதால், நான் வாடகைக்கு எடுக்கும் விமானிகள் சங்கத்தின் விமானங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கருவி உண்டு. ஆனால் சட்டம் கேட்பது ஒலிபரப்புவதை மட்டுமே. மற்றவர்கள் ஒலிபரப்புவதைக் கேட்டுத் திரையில் காட்டும் வசதியை அது கட்டாயமாக்கவில்லை. அதை விமானத்தின் முன்பலகையிலேயே பொருத்துவதென்றால் பல ஆயிரம் டாலர் ஆகும், வாடகை விமானத்தில் நம் விருப்பத்துக்குப் பொருத்தவும் முடியாது. ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு எஞ்சியிருப்பது கையோடு கொண்டுபோகக்கூடிய ஒரு சிறிய ரிசீவரும், அது வைஃபை வழியாக அனுப்புவதைப் படமாக்கிக் காட்டும் ஒரு டேப்லெட்டும்தான்.

செயலிகளில் விலை வேறுபாடு பெரிது. ஆண்டுச் சந்தா கேட்கும் ஃபோர்ஃப்ளைட், கார்மின் பைலட் போன்றவை ஒருபுறம். காசே கேட்காத அவேர், ஃபிளைட்பிளான் கோ போன்றவை மறுபுறம். ஃபோர்ஃப்ளைட் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்கும். அவேர் ஆண்ட்ராய்டுக்கென்று உருவான திறமூலச் செயலி. ரிசீவரிலும் அப்படித்தான். சென்ட்ரி போன்ற ஆயத்தப் பெட்டிகள் உண்டு. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் இரண்டு வானொலிச் செருகிகளை இணைத்து நாமே செய்துகொள்ளும் ஸ்ட்ராட்டக்ஸ் என்ற திறமூல ஏற்பாடும் உண்டு. ஜிடிஎல் 90 என்ற பொதுவான தரவு முறையில் பேசும் பெட்டியாக இருந்தால் பல செயலிகளோடு வேலை செய்யும். சில பெட்டிகள் தம் நிறுவனத்துச் செயலியோடு மட்டுமே பேசும். எனவே செயலியை முடிவு செய்த பிறகு பெட்டியை வாங்குவது நல்லது. நான் ஸ்ட்ராட்டக்ஸ் வகையில் ஒன்றையும் ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டேன். பெட்டி, டேப்லெட், பிடிமானம், மின்கலம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 600 டாலர் ஆயிற்று.

அதற்கு முன்பே ஓர் இழப்பு. பழைய டேப்லெட் விற்கும் ஒரு கடையில், ஜிபிஎஸ் உண்டு என்று வாய்விட்டுச் சொல்லி 150 டாலருக்கு ஒன்றை விற்றார்கள். வீட்டுக்குள் வைஃபை வழியாக ஊகித்து இருப்பிடத்தைச் சரியாகவே காட்டிய அந்த டேப்லெட், ஓடுபாதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அசையவே இல்லை. அதற்குள் ஜிபிஎஸ் சில்லே கிடையாது. திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். ஐபேடுகளில்கூட வைஃபை மட்டும் உள்ள வகைகளில் ஜிபிஎஸ் இல்லை, சிம் போடும் வசதியுள்ள வகைகளில்தான் இருக்கிறது என்பதை வாங்கப்போகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளி ரிசீவர் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு பெட்டி நின்றுபோனால் வானிலை, பிற விமானங்கள், நாம் இருக்கும் இடம் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். டேப்லெட்டுக்கென்று தனியாக ஜிபிஎஸ் இருந்தால், குறைந்தபட்சம் வரைபடத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதாவது மிஞ்சும்.

வீட்டு மொட்டைமாடியிலோ வாகன நிறுத்தத்திலோ வைத்து இந்தக் கருவிகளைச் சோதிக்கும்போது வானிலை வராமல் போகலாம். அதற்காகப் பெட்டி பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். வானிலைச் செய்திகள் தரைநிலையங்களிலிருந்து 978 மெகாஹெர்ட்ஸில், நேர்க்கோட்டுப் பார்வையில் வருகின்றன. பல இடங்களில் தரையைவிட்டு ஓரிரு ஆயிரம் அடி ஏறிய பிறகே பிடிபடும். எஃப்ஐஎஸ்-பி எனப்படும் இந்தச் சேவை இலவசம். ரேடார் மழைப்படம், நிலையங்களின் வானிலை அறிக்கைகள், முன்னறிவிப்புகள், மேல்காற்று, மற்ற விமானிகள் தரும் தகவல்கள், தற்காலிகத் தடைப் பகுதிகள் எல்லாம் அதில் அடங்கும். இணையம் தேவையில்லை. பறக்கும்போது செல்பேசியின் செல்லுலார் இணைப்பைப் பயன்படுத்த இங்கே தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி தடை விதிக்கிறது, சிக்னலும் நிலையாக இருக்காது. அதனால் இணையத்தை நம்பி இயங்கும் விமானக் கண்காணிப்புச் செயலிகளைக் காக்பிட்டில் பாதுகாப்புக்கென்று வைத்துக்கொள்வது பயனற்றது.

பிற விமானங்கள் தெரிவது இன்னும் சிக்கலான விஷயம். சில விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸிலும் சில 978 மெகாஹெர்ட்ஸிலும் ஒலிபரப்புகின்றன. ஆகையால் இரண்டையும் கேட்கும் ரிசீவராக வாங்குங்கள். ஒன்றை மட்டும் கேட்கும் பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ரேடாரில் மட்டும் தெரியும் விமானங்களின் இருப்பிடத்தையும், மற்ற அலைவரிசையில் பேசும் விமானங்களையும் தரைநிலையம் நமக்காக மறுஒலிபரப்பு செய்யும். ஆனால் அது ஏடிஎஸ்-பி அவுட் உள்ள ஒரு விமானத்தைச் சுற்றி 15 கடல் மைல் ஆரத்துக்குள், மேலும் கீழும் 3,500 அடிக்குள் இருப்பவற்றை மட்டுமே அந்த விமானத்துக்காகத் தொகுத்து அனுப்புகிறது. அவுட் கருவி இல்லாத விமானத்தில் ரிசீவரை மட்டும் வைத்துக்கொண்டு பறந்தால், வேறு யாருக்கோ அனுப்பப்பட்ட தொகுப்பில் தற்செயலாக விழும் துண்டுகளே நமக்குக் கிடைக்கும். திரை நிறைய விமானங்கள் தெரிவதால் எல்லாமே தெரிகின்றன என்ற எண்ணம் வந்துவிடும். அந்த எண்ணம்தான் ஆபத்து.

அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். சான் மார்கோஸில் இருக்கும் நண்பரின் வீட்டுக்குப் போய் இரவு தங்கி மறுநாள் திரும்புவதாகத் திட்டம். டென்டனிலிருந்து அது ஏறத்தாழ 200 கடல் மைல். கீழே ஐ-35 நெடுஞ்சாலை வழிகாட்டிக்கொண்டே போகும். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில், விமானிகளுக்குத் தகவல் தரும் ஃப்ளைட் சர்வீஸின் வானிலை விளக்கத்தைப் பார்த்தேன். மாலை 5 மணிக்குப் பிறகு மேற்கே இடிமழை உருவாகலாம் என்றும், அதுவரை என் பாதையில் பார்வைத்தூரமும் மேக உயரமும் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. பகல் ஒன்றரை மணிக்கு மேல் கிளம்பினேன். தரையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே, பெரிய நிலையத்தைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த கட்டுப்பாட்டு வான்பரப்புக்குக் கீழே தாழ்வாகப் பறந்து, அதைக் கடந்த பிறகு 4,500 அடிக்கு ஏறினேன்.

கிளீபர்ன் அருகே முதல் அதிர்ச்சி. டேப்லெட் அலறியது: விமானம், அதே உயரம், தூரம் பூஜ்யம். கழுத்தை நான்கு பக்கமும் திருப்பித் தேடினேன். இடப்பக்க இறக்கையைத் தூக்கி ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை. ஒன்றும் இல்லை. எச்சரிக்கை விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. அது என் விமானத்தின் நிழல்தான் என்று பிறகு புரிந்தது. தரைநிலையம் என் விமானத்தையே ரேடாரில் பார்த்து எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அது என்னுடையதே என்று தெரியாததால் செயலி அதை இன்னொரு விமானமாகக் காட்டியிருக்கிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட்டுகள் கொண்ட தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணையோ வால்பதிவு எண்ணையோ செயலியின் அமைப்பிலும், ரிசீவரில் அதற்கு இடம் இருந்தால் அதன் அமைப்பிலும் உள்ளிட்டால், இந்த நிழலை அது வடிகட்டிவிடும். வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் விமானம் மாறும்போது இதை மாற்ற வேண்டும். இதை எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை.

அடுத்தது இதைவிட மோசம். ஹில்ஸ்பரோவை நெருங்கும்போது, திரையில் பத்து மைலுக்கு ஒரு விமானமும் இல்லை. இடப்பக்கம் கீழே பார்க்கும்போது, எனக்கு ஏறத்தாழ 500 அடி கீழே, என் பாதைக்குக் குறுக்காக, மஞ்சள் நிறத்தில் ஒரு பழங்கால விமானம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இறக்கை மேலே அமைந்த, இருவர் உட்காரும் வகை. கதவு திறந்தபடி இருந்ததால் ஓட்டுகிறவரின் சட்டைக் கை காற்றில் படபடப்பதுகூடத் தெரிந்தது. என்ஜினால் இயங்கும் மின்சார அமைப்பு இல்லாமலேயே தயாரிக்கப்பட்ட விமானங்களுக்கும், பலூன்களுக்கும், கிளைடர்களுக்கும் ஏடிஎஸ்-பி விதியிலிருந்து விலக்கு உண்டு. அவை நம் திரையில் ஒருபோதும் வராமல் போகலாம். அவரும் என்னைப் பார்த்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. என் உயரம் இன்னும் சற்றுக் குறைவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடுத்த சில நிமிடங்களுக்கு நினைத்துக்கொண்டே பறந்தேன். வெளியே பத்து நொடி பார்த்தால் திரையை இரண்டு நொடி பார்ப்பது என்று அன்று வைத்துக்கொண்ட வழக்கத்தை இன்றுவரை விடவில்லை.

வேக்கோவைத் தாண்டும்போது மேற்கிலும் தென்மேற்கிலும் வானம் கறுத்திருந்தது. முன்னறிவிப்பைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே இடிமேகங்கள் கிளம்பிவிட்டன. டேப்லெட்டில், டெம்பிளுக்கு அருகே, கடுமழையைக் குறிக்கும் இரண்டு சிவப்புத் திட்டுகளுக்கு நடுவே, லேசான மழையைக் குறிக்கும் பச்சைகூட இல்லாத ஒரு வெற்றிடம் தெரிந்தது. அளந்து பார்த்தேன், 12 மைல் அகலம். படத்தின் ஓரத்தில், ஐந்து நிமிடத்துக்கு முந்தையது என்று எழுதியிருந்தது. ஐந்து நிமிடம்தானே, வழி திறந்திருக்கிறது, நெடுஞ்சாலையை ஒட்டிப் போனால் அந்தப் பக்கம் வெயில்தான் என்று மனம் கணக்குப் போட்டது. அந்த நேரத்தில் டேப்லெட் கறுத்தது. கட்டுப்பாட்டுப் பிடியில் மாட்டியிருந்த அதன்மேல் ஒரு மணி நேரமாக நேர்வெயில் விழுந்துகொண்டிருந்தது. சூடு அதிகமாகிவிட்டது, ஆறும்வரை இயங்காது என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு அணைந்தது. விரலால் தொட்டபோது பின்பக்கம் சுட்டது.

மாற்றாகச் செல்பேசியிலும் அதே செயலியை ஏற்றி வைத்திருந்தேன். அதை எடுத்து ரிசீவரின் வைஃபையில் சேர்த்தால், இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று சொல்லி, அது தானாகவே விலகி செல்லுலாருக்குப் போய்விட்டது. மறுபடி சேர்த்தேன், மறுபடி விலகியது. விமானம் 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் மழையை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, ஒரு கையால் பிடியையும் மறு கையால் செல்பேசியையும் வைத்துக்கொண்டு அமைப்புப் பக்கத்துக்குள் தேடிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. செல்பேசியைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். 12 மைல் வழி இருக்க வேண்டிய இடத்தில், தரையிலிருந்து மேகம்வரை ஒரே சாம்பல் சுவர். அடிவானமே இல்லை. சுவரின் அடியில் நெடுஞ்சாலை மறைந்து போயிருந்தது.

கிளம்பியதிலிருந்தே ரேடார் கட்டுப்பாட்டாளர்களுடன் தொடர்பில் இருந்ததுதான் அன்று என்னைக் காப்பாற்றியது. கண்பார்வை விதிகளில் பறப்பவர்களுக்குக் கட்டாயமில்லாத, கேட்டால் பணிச்சுமையைப் பொறுத்துக் கிடைக்கும் இலவசச் சேவை அது. ஃப்ளைட் ஃபாலோயிங் என்பார்கள். வேக்கோ நிலையத்தை ஒட்டிய வான்பரப்பைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பிரிவான வேக்கோ அப்ரோச்சிடம், முன்னால் மழை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 15 மைல் முன்னால், நெடுஞ்சாலையின் இரு பக்கமும், கனமழையிலிருந்து மிகக் கடுமையான மழைவரை தொடர்ச்சியாக இருப்பதாகவும், தன் திரையில் இடைவெளி எதையும் பார்க்கவில்லை என்றும் அங்கே பணியில் இருந்த பெண்மணி நிதானமான குரலில் சொன்னார். திரும்பி வேக்கோவில் இறங்க விரும்புகிறேன் என்றேன். உடனே திசை கொடுத்தார், ஓடுபாதையைக் கவனிக்கும் டவருக்கு மாற்றினார். லேக் வேக்கோவின் நீர்ப்பரப்பு கண்ணில் பட்டபோதுதான் மூச்சு சீராக வந்தது. 19ஆம் ஓடுபாதையில் இறங்கி, விமானத்தைக் கயிற்றால் கட்டி முடித்துக் கட்டடத்துக்குள் போன சற்று நேரத்தில், காற்று திசை மாறி மழை கொட்டத் தொடங்கியது. அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "தரையில தான இருக்கீங்க?" என்பது. ஆமாம் என்றதும், "அப்போ அங்கேயே இருங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

அந்த ஐந்து நிமிடம் என்ற எண்ணைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை அறியாமல்தான் உயிர்கள் போயிருக்கின்றன. நாட்டில் 150க்கும் மேற்பட்ட நெக்ஸ்ராட் வானிலை ரேடார்கள் உள்ளன. மழை பெய்யும்போது ஒவ்வொன்றும் வானத்தைப் பல கோணங்களில் ஒருமுறை வருடி முடிக்கவே பல நிமிடம் பிடிக்கும். அவை அனைத்தின் தரவையும் சேகரித்து ஒட்டி ஒரே படமாக்கி, தரைநிலையங்களுக்கு அனுப்பி, அங்கிருந்து ஒலிபரப்பி நம்மிடம் வந்து சேர்கிறது. திரையில் தெரியும் வயது, ஒட்டுப்படம் உருவான நேரத்திலிருந்து கணக்கிடப்படுவது; ரேடார் அந்த மழையை உண்மையில் பார்த்த நேரத்திலிருந்து அல்ல. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012 ஜூனில் வெளியிட்ட எச்சரிக்கையில், மிக மோசமான நிலைகளில் படத்தின் உண்மையான வயது, திரையில் காட்டப்படுவதைவிட 15 முதல் 20 நிமிடம்வரை கூடுதலாக இருக்கலாம் என்று சொன்னது. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளை அதற்குச் சான்றாகவும் காட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாட் வேகத்தில் நகரும் மேகம் 20 நிமிடத்தில் 10 மைல் போய்விடும். அதற்குள் புதிய மேகமே முளைத்து முற்றவும் நேரம் உண்டு. 12 மைல் இடைவெளி நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே மூடியிருக்கலாம். டேப்லெட் அணையாமல் இருந்திருந்தால், திறந்த வழியைக் காட்டிக்கொண்டே என்னை அதற்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இதுதான் என்னை இன்றும் உலுக்கும் விஷயம்.

அந்தப் பெண்மணியின் திரை மட்டும் எப்படிச் சரியாகச் சொன்னது என்று பிறகு விசாரித்தேன். விமான நிலையத்தை ஒட்டிய அப்ரோச் ரேடார்கள் சுழன்று சுழன்று மழையைத் தாமே பார்ப்பவை; ஏறக்குறைய அந்த நேரத்து நிலையையே காட்டும். நெடுந்தூரப் பகுதிகளைக் கவனிக்கும் சென்டர் கட்டுப்பாட்டாளர்களின் திரையில் வருவது நெக்ஸ்ராட் தரவு. அதுவும் சில நிமிடம் பழையது. ஆகவே அப்ரோச்சிடம் கேட்கும் வாய்ப்பு இருக்கும்போது கேட்டுவிடுங்கள். டேப்லெட் படத்தை வைத்து 100 மைலுக்கு முன்பே கிழக்கே சுற்றிப் போவதா, திரும்பிவிடுவதா, இறங்கிக் காத்திருப்பதா என்று தீர்மானிக்கலாம். அதற்கு அது அருமையான கருவி; நான் சந்தேகப்படவே மாட்டேன். இரண்டு மேகங்களுக்கு நடுவே நுழைய அதைப் பயன்படுத்தக் கூடாது. கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் விலகியிருக்கச் சொல்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ; அப்படியானால் இரண்டுக்கும் நடுவே போக 40 மைல் வேண்டும். 12 மைல் இடைவெளி படத்தில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது வழியே அல்ல.

இன்னொன்று, மழை இல்லாத இடத்தையும் தரவு இல்லாத இடத்தையும் வேறுபடுத்திப் பார்க்கப் பழக வேண்டும். தரவு வராத பகுதியைச் சில செயலிகள் கோடு போட்டோ நிழலிட்டோ காட்டும்; சிலவற்றில் அந்த வசதியை நாமே அமைப்பில் இயக்க வேண்டும். அதை இயக்காவிட்டால் இரண்டும் ஒரே வெறுமையாகத் தெரியும். உங்கள் செயலியில் அது எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். வேக்கோவில் விடுதிக்கு 140 டாலர், போகவர வாடகைக் காருக்கு 40 டாலர், போய்ச்சேராத பயணத்துக்கு விமான வாடகையாக ஏறத்தாழ 400 டாலர். மறுநாள் காலையும் மேகம் தாழ்ந்து கிடந்ததால் நண்பகலுக்குப் பிறகே கிளம்ப முடிந்தது. எனக்கு அடுத்து விமானத்தை முன்பதிவு செய்திருந்தவரின் பயணமும் கெட்டது. ஏமாந்து வாங்கிய டேப்லெட்டையும் சேர்த்தால் 700 டாலரைத் தாண்டும். இறங்கியதற்காகச் செலவான பணத்தை நினைத்து நான் வருந்தவே இல்லை. கிளம்பும்போதே, தேவைப்பட்டால் ஓர் இரவு வெளியில் தங்குவதற்கான பணத்தைப் பயணச் செலவில் சேர்த்துவிடுங்கள். சேர்த்துவிட்டால், திரும்பலாமா என்று யோசிக்கும் நொடியில் பணம் குறுக்கே வந்து நிற்காது.

வெப்பத்துக்கு வழி கண்டேன். ஐபேடுக்கு ஆப்பிள் நிறுவனம் சொல்லும் இயக்க வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரிவரைதான். டெக்சாஸ் கோடையில் நிழலிலேயே அது தாண்டிவிடும். டேப்லெட்டைத் தடித்த உறைக்குள் வைக்காமல் வெறுமையாக மாட்டுங்கள், பின்பக்கம் காற்றுத் துளையின் காற்று படும்படி வையுங்கள், பறக்கும்போது மின்னேற்றம் செய்வதைத் தவிர்த்து முழு மின்னூட்டத்தோடு கிளம்புங்கள், திரையின் வெளிச்சத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். பின்னால் சிறு விசிறி வைத்த பிடிமானங்கள் கிடைக்கின்றன; நான் ஒன்று வாங்கினேன், அதன் பிறகு திரை அணையவில்லை. ரிசீவரையும் முன்கண்ணாடிக்கு அடியில் வெயிலில் போடாதீர்கள். பின்பக்க ஜன்னலில் ரப்பர் பிடியால் ஒட்டினால் சூடும் குறையும், சிக்னலும் நன்றாக வரும். எங்கே வைத்தாலும் விமானத்தின் உலோக உடல் ஒரு பக்கத்தை மறைக்கும் என்பதால், அந்தப் பக்கத்து விமானம் திரையில் விட்டுவிட்டுத் தெரியலாம்.

வைஃபை சிக்கலுக்குத் தீர்வு எளிது, ஆனால் தரையில் செய்ய வேண்டியது. ஆண்ட்ராய்டில், இணையம் இல்லாவிட்டாலும் இந்த வைஃபையிலேயே இரு என்று ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டு, பறக்கும்போது விமானப் பயன்முறையை இயக்கி வைஃபையை மட்டும் திறக்க வேண்டும். ஐபேடிலும் ஐபோனிலும் உள்ளூர் வலையமைப்பை அணுகச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறோமா என்று தனியுரிமை அமைப்பில் பார்க்க வேண்டும். அது மூடியிருந்தால் வைஃபை இணைந்திருக்கும், தரவு மட்டும் வராது. மாற்றுக் கருவியையும் இதேபோல் இணைத்து, ஒரு பறப்பு முழுவதும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே அதை மாற்று என்று கணக்கில் வைக்கலாம். வரைபடங்களைக் கிளம்புவதற்கு முந்தைய இரவே தரவிறக்கிக்கொள்ளுங்கள். கண்பார்வைப் பறப்புக்கான வரைபடங்கள் 56 நாளுக்கு ஒருமுறை மாறுகின்றன. தேதி முடிந்ததா என்று செயலியே காட்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால், வாங்கும் வரிசையை இப்படிச் சொல்வேன். முதல் மாதம் எதுவும் வாங்காமல், இலவசச் செயலி ஒன்றைக் கையில் இருக்கும் செல்பேசியிலேயே ஏற்றி, வீட்டில் வரைபடங்களோடு பழகுங்கள். அடுத்து, உங்கள் சங்கத்தில் ரிசீவர் வைத்திருப்பவரோடு ஒருமுறை பக்கத்து இருக்கையில் போய், திரையில் தெரியும் விமானங்களையும் கண்ணில் படும் விமானங்களையும் ஒப்பிட்டு, எவை திரையில் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு இரு அலைவரிசை ரிசீவர், பிறகு தனி ஜிபிஎஸ் உள்ள டேப்லெட், அதோடு விசிறிப் பிடிமானம். சந்தா கட்டும் செயலி கடைசியில். இலவசச் செயலியில் என்ன குறைகிறது என்று தெரிந்த பிறகு அதற்குப் பணம் கொடுக்கலாம். இவற்றுக்கு நடுவே ஒரு மணி நேரம் பயிற்றுநருக்குப் பணம் கொடுத்து, பறந்துகொண்டிருக்கும்போது முன்கூட்டிச் சொல்லாமல் அவரே டேப்லெட்டை அணைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். என் பயிற்றுநர் வேக்கோவுக்குப் பிறகு எனக்கு அதைச் செய்தார். ஹில்ஸ்பரோவுக்கு மேலே அணைத்துவிட்டு, அருகிலிருக்கும் ஓடுபாதையைக் காகித வரைபடத்தில் காட்டச் சொன்னார்.